எல்லா ஊர்த் தண்ணீரும் ஒரே கூடத்தில்

கெடாரில் போர்த் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் பிடித்து இரண்டு நாள் வைத்தால் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். விழுப்புரத்துக்கு வடமேற்கே காணையைத் தாண்டினால் பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அந்த இடுக்குகளில் ஊறிக் கிடந்து மேலே வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் தாராளமாக இருக்கும். பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரில் மாலி, பிளாட்டி மீன்கள் மாதம் தவறாமல் குட்டி போடும். அமேசான் பக்கத்து நியான் டெட்ராவை விட்டால் உயிரோடு இருக்கும், நிறம்கூட வரும், ஆனால் முட்டை பொரிக்காது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு மீன் வளர்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் அந்த ஊர்த் தண்ணீரில் மீன் எப்படி வாழும் என்பதுதான். அது பெரிய அறிவு, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எது மீனின் குணம், எது தண்ணீரின் குணம் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. அதைப் பிரித்துக் காட்டியது நான் சேர்ந்திருக்கும் மீன் வளர்ப்போர் சங்கம். விழுப்புரம், திண்டிவனம், வானூர், மரக்காணம், புதுச்சேரி, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஒரு மாதம் விழுப்புரத்தில், அடுத்த மாதம் திண்டிவனத்தில், எங்கே கூடம் கிடைக்கிறதோ அங்கே கூடுகிறோம். வரும்போது ஒவ்வொருவரும் தன் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் பழக்கம். மேசையில் வரிசையாக வைத்துச் சோதித்துப் பலகையில் எழுதுவோம். வானூர்ப் பக்கத்து மணற்பாறைத் தண்ணீரில் உப்பின் அளவு எங்கள் போரில் இருப்பதைவிட மிகக் குறைவு. மரக்காணத்துக்காரர் பாட்டிலை நாக்கில் வைத்தாலே கரிக்கும். சென்னைக்காரர் கொண்டுவரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கும். ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத ஊர்கள்தான், ஆனால் மீனுக்கு அவை ஒவ்வொன்றும் வேறு நாடு.

இது எவ்வளவு தூரம் உயிர்ப் பிரச்சினை என்பதை அம்மோனியா கணக்கு சொல்லும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இது எல்லா மீன் புத்தகத்திலும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருமுறை சென்னை நண்பர் ஒருவர், “நான் இவ்வளவு தீனி போடறேன், ஒண்ணும் ஆகலையே” என்றார். காணைப் பக்கத்துப் பையன் ஒருவன் அதே அளவு தீனி போட்டால் தன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன என்றான். பள்ளியில் வேதியியல் நடத்தும் உறுப்பினர் எழுந்து பலகையில் எழுதினார். தண்ணீரின் பி.எச். 7 ஆக இருக்கும்போது, 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். மிச்சம் அவ்வளவு தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கும். பி.எச். 8 ஆனால் அந்தப் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். சோதனைக் குப்பியில் இருவருக்கும் ஒரே நிறம், ஆனால் பி.எச். கூடிய காணைத் தொட்டியில் விஷம் பத்து மடங்கு. சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது இன்னும் ஏறும். இருவர் சொன்னதும் உண்மைதான். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் இரண்டு உண்மைக்கும் நடுவில் இருந்த காரணம் வெளியே வந்தது.

அன்றைக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். மொட்டை மாடியில் முதல் மழையைக் கழிய விட்டு, அடுத்ததை டிரம்மில் நிரப்ப வேண்டும். போர்த் தண்ணீர் 900 டி.டி.எஸ். காட்டுகிறது, மழைத் தண்ணீர் 20 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு மழை கலந்தால் 240க்கு வரும். அந்தத் தண்ணீரில் ஏஞ்சல் மீன் முட்டை வைத்ததைக் கெடாரில் என் கண்ணால் பார்த்தேன். காசு கொடுத்து ஆர்.ஓ. மெஷின் வாங்க வேண்டியதில்லை, ஐப்பசி கார்த்திகை மழை போதும்.

சங்கம் பெரிதாக இருப்பதன் அருமை எனக்குப் புரிவது அங்கே வருகிறவர்களின் தொழில்களைப் பார்க்கும்போதுதான். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தொட்டிக் கண்ணாடியின் தடிப்பைத் தீர்மானிப்பது தண்ணீர் நிற்கும் உயரமும் கண்ணாடியின் நீளமும்தான், முன்னுக்குப் பின் அகலம் எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான். மோட்டார் காயில் கட்டும் தம்பி ஒருவன் ஏர் பம்பின் ரப்பர் டயாஃப்ரமை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பம்பைத் திரும்ப ஓட வைப்பான். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் வருவார்கள். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல வந்த மீனை ஒருவர் பையில் போட்டுக் கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் பூஞ்சை என்றோம், தண்ணீரைச் சூடாக்கச் சொன்னோம். மாணவி ஒருத்தி தடுத்தாள். “சார், இது பூஞ்சை மாதிரி தெரியும், ஆனா பாக்டீரியா. சூடு ஏத்தினா இன்னும் வேகமா பரவும்” என்றாள். அதற்கு காலம்னாரிஸ் என்று பெயர். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் சூடு ஏற்றுவது சரி, இதற்கு ஏற்றினால் ஒரே நாளில் தொட்டி காலியாகும். கைவைத்தியம் பலிக்கும் இடத்தையும் பலிக்காத இடத்தையும் பிரித்துச் சொல்ல, படித்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

படிக்காதவர்களிடமிருந்து வருவதும் அதற்குக் குறைந்ததல்ல. செடித் தொட்டி வைக்கும் இளைஞர்கள் கடையில் ‘பகோபா’ என்று சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் விற்பதை ஆசையாக வாங்கி வருவார்கள். சூரப்பட்டுப் பக்கத்து அக்கா ஒருவர், மகனைக் கூட்டி வந்தவர், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, இது எங்க வயக்காட்டு வரப்புல கெடக்குற நீர்ப்பிரம்மி தானே? இதுக்கா காசு குடுத்தீங்க?” அதேதான். அடுத்த கூட்டத்துக்கு ஒரு சாக்கில் நீர்ப்பிரம்மியும், குளத்திலிருந்து கொட்டிக்கிழங்கும் கொண்டு வந்தார். கொட்டியும் தொட்டிச் செடிக்காரர்கள் கொண்டாடும் அபோனோஜெட்டான் குடும்பம்தான். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையை அவர்தான் இப்போது ஃபைட்டர் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தருகிறார். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்பு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், ஃபைட்டருக்கு அதுதான் பிடிக்கும்.

தீனியிலும் இப்படித்தான். குஞ்சு மீனுக்கு உயிர்த் தீனி கொடுத்தால்தான் வளர்த்தி வரும். திண்டிவனம் என்றால் நிலக்கடலை. அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. ரகங்கள் தமிழ்நாடு முழுக்க விதைக்கப்பட்டவை. செக்கிலிருந்து வரும் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து, அந்தத் தெளிவைப் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினால் மாய்னா எனும் தண்ணீர்ப் பூச்சி கொழித்து வரும். இதைச் சங்கத்தில் எல்லாருக்கும் கற்றுக் கொடுத்தவர் கடலை விவசாயி. ஆர்டீமியா முட்டையைப் பொரிக்க மரக்காணத்து உப்பளத்துக் கல் உப்பு. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம், கீழிருந்து காற்று, மேலே ஒரு விளக்கு. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் நெளியும்.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் குட்டி சிக்லிட் மீன்கள் உண்டு. விரல் நீளம்கூட வராத அந்த மீன்கள் ஓட்டுக்குள்ளேயே முட்டை வைத்து ஓட்டுக்குள்ளேயே குஞ்சு பொரிக்கும். அந்த ஏரியின் தண்ணீர் கடினமானது, காரமானது. பி.எச். 8க்கு மேல். சென்னைக்காரர்கள் அந்தத் தண்ணீரைத் தயார் செய்ய உப்புக் கலவை வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் மோட்டாரைப் போட்டால் போதும். ஓட்டுக்கு எங்கே போவது? அறுவடை முடிந்த கழனியில் காலி ஆப்பிள் நத்தை ஓடுகள் கிடக்கின்றன. கழுவி வேக வைத்துப் போட்டோம். ஏற்றுக்கொண்டன. கெடாரின் கடினத் தண்ணீரை வைத்து இங்கே எந்த மீனை வளர்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் சென்னையில் அடுக்குமாடியில் வசிக்கிறவர். தன்னால் செலவில்லாமல் செய்ய முடியாததை, செய்ய முடிந்த ஊர்க்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கப்பிக்கு மட்டும், ஃபைட்டருக்கு மட்டும் என்று தனிக் குழுக்களும் நடக்கின்றன. வாலின் விரிவு, நிறத்தின் சுத்தம் இவற்றில் அவர்கள் போகும் ஆழத்துக்குக் கலப்புச் சங்கம் போக முடியாது. அங்கேயும் போகிறேன், மதிக்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரே மீனை வளர்க்கும் இடத்தில் நோய் ஒன்று வந்தால் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடுகிறது, சந்தேகம் ஒன்று வந்தால் எல்லாருக்கும் அதே சந்தேகமாக இருக்கிறது. பெரிய சங்கத்தில் சத்தம் அதிகம். ஒரு கேள்விக்கு ஏழு பதில் வரும், அதில் இரண்டு ஒன்றுக்கொன்று நேரெதிராக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதில் மிரண்டு போவார்கள். “சொன்னவர் தொட்டித் தண்ணி என்ன, முதல்ல அதைக் கேளுங்க” என்று அவர்களிடம் சொல்வேன். பலகையில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே எந்தப் பதில் தனக்கு என்று தெரிந்துவிடும்.

உலகத்தில் இந்த வகைச் சங்கங்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் மீன் வளர்ப்போர் சங்கமும், ஜெர்மனியில் பல சங்கங்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டமைப்பும் 1911ஆம் ஆண்டில் தொடங்கியவை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1909இல், சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. இன்றைக்கு வண்ண மீன் என்றால் நாட்டுக்கே தெரிந்த பெயர் கொளத்தூர். அங்கிருந்து ஆக்சிஜன் நிரப்பிய கவரில், இரவு பஸ்ஸில் பார்சலாக விழுப்புரம் வந்து இறங்கும் மீன்களில்தான் எங்கள் பலரின் தொட்டி தொடங்கியது. வியாபாரம் நமக்கு வந்துவிட்டது. வளர்ப்பவர்கள் ஒன்றுகூடி அறிவைச் சேர்த்து வைக்கும் வழக்கம்தான் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் ஆதங்கம். மேலைநாட்டுச் சங்கங்கள் பலவற்றில் ஒரு முறை இருக்கிறது. ஓர் இனத்தைக் குஞ்சு பொரிக்க வைத்தவர், அந்தக் குஞ்சுகளை ஒன்றிரண்டு மாதம் வளர்த்து, சிலவற்றைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குப் புள்ளி. அவை ஏலத்தில் மற்றவர்கள் வீட்டுக்குப் போகும். நாங்களும் இதை எடுத்துக்கொண்டோம், ஏலம் மட்டும் கிடையாது.

ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு மெக்சிகோவில் நடந்ததை எப்போதும் சொல்வேன். டெகீலா எரிமலை அடிவாரத்தில், தெயுசிட்லான் ஆற்று ஊற்றுகளில் வாழ்ந்த சின்னஞ்சிறு மீன், ‘சூகோனெட்டிகஸ் டெகீலா’. மாசாலும் வெளியிலிருந்து வந்த மீன்களாலும் 2003 வாக்கில் ஆற்றில் அது இல்லாமலே போனது. ஆனால் மீன் வளர்ப்பவர்கள் வீட்டுத் தொட்டிகளில் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வாழ்ந்துகொண்டிருந்தது. அப்படி வளர்ந்தவற்றிலிருந்து ஐந்து ஜோடிகள், இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்கா வழியாக 1998இல் மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பெருகிய கூட்டத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் திரும்ப அதே ஆற்றில் விடப்பட்டு, இப்போது அங்கேயே இனம் பெருக்குகின்றன. நம் பக்கத்தில் மிஸ் கேரளாவின் கதையைப் பாருங்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரால் 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்ததில் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் ஓடையில் பிடித்த மிஸ் கேரளாவை யாரும் கொண்டு வரக்கூடாது என்பது விதி. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

விதை நெல்லை ஒரே குதிரில் வைக்காமல் உறவுக்காரர் வீடுகளிலும் கொஞ்சம் கொடுத்து வைப்பார்கள் அல்லவா, மீன் வம்சமும் அப்படித்தான் நிற்கும். ஒரே தொட்டியில் அண்ணன் தங்கையாகப் பெருகிக்கொண்டே போனால் சில தலைமுறையில் முதுகு வளையும், உருவம் சிறுக்கும், ஈனும் குட்டி குறையும். வேறு வீட்டில் வளர்ந்த அதே வம்சத்து ஆண் ஒன்றைக் கொண்டு வந்து விட்டால் தெளிந்துவிடும். அதற்கு வேறு வீடுகள் வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தொட்டிக்காரருக்குக் கரண்ட் போவதென்றால் முதலில் ஆக்சிஜன் போகிறது. அடுத்து, ஓட்டம் நின்ற ஃபில்டரில் பாக்டீரியா சாகிறது. தீனியை நிறுத்துங்கள், சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பஞ்சை ஃபில்டரிலிருந்து எடுத்துத் தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்க விடுங்கள் என்று போன் உயிரோடு இருந்தவரைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மழைக்காலம் என்பதால் தண்ணீர் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் தங்கும், அது ஒரு புண்ணியம். இன்வெர்ட்டர் இருந்த வீடுகளுக்குப் பக்கத்து ஊர் மீன்கள் பக்கெட்டில் போயின. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே புகுந்த இடங்களில் ஒன்றும் செய்ய முடியவில்லை. பல ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்த கப்பி வம்சம் ஒன்று, அதை உருவாக்கியவர் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவரிடமிருந்து முன்பு குட்டிகள் வாங்கிப் போயிருந்தவர்கள் கெடாரிலும் தாம்பரத்திலும் இருந்தோம். தை மாதக் கூட்டத்தில் இரண்டு இடத்திலிருந்தும் ஜோடிகள் வந்தன. அவர் பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வாலின் நிறத்தைச் சரிபார்த்துவிட்டு, “நம்ம மீனுதான்” என்றார்.

அந்த வெள்ளத்தில் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் எத்தனை வெளிநாட்டு மீன் ஏரிகளுக்குப் போயிருக்கும் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. ஜிலேபி மீன் 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரி எது? ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000இல் தடை செய்தும் குளங்களில் அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளத்தில் வாங்கும் மீன் முழங்கை நீளம் வளர்ந்ததும் தொட்டியில் இடமில்லாமல் ஏரியில் விடுகிறார்கள். வலையைக் கிழிக்கும் அந்த முள் மீனை மீனவர்கள் சபிக்காத நாளில்லை. பெரிய சங்கம் இருந்தால் இதற்கு ஒரு வழி கிடைக்கிறது. வளர்ந்து பெரிதான மீனை, சலித்துப்போன மீனை, வீடு மாறுகிறவரின் மீனை, ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ள யாராவது ஒருவரிடம் பெரிய சிமென்ட் தொட்டி இருக்கும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவேலி நீர்நிலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அயிரையும் கெளுத்தியும் குரவையும் பனையேறிக் கெண்டையும் எங்கள் ஏரிகளின் சொந்த மக்கள். அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாமல் மீன் வளர்ப்பதுதான் மீன் வளர்ப்பு.

இப்போது சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். எந்த வம்சம், யார் யார் வீட்டில், என்ன தண்ணீரில் என்று. ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று ஊர்களில் இருக்க வேண்டும் என்று முடிவு. கருப்பு மாலிக்கும், ஓட்டுச் சிக்லிட்டுக்கும், வெள்ளத்தில் தப்பிய கப்பிக்கும் கட்டம் நிரம்பிவிட்டது. ஆரஞ்சு குரோமைடுக்கு மட்டும் இரண்டு வீடுதான். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மீன் அது, ஆறு கடலில் சேரும் இடத்து உவர்நீரில் வாழ்வது. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும், பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்று வளரும். மூன்றாவது வீட்டுக்கு மூன்றடித் தொட்டியும், தண்ணீரில் கொஞ்சம் உப்பும், அவசரப்படாத ஆளும் வேண்டும். மரக்காணம், கூனிமேடு பக்கம் யாராவது இருந்தால் அடுத்த திண்டிவனம் கூட்டத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு வாருங்கள். ஜோடி தயாராக இருக்கிறது.